முழங்கைமேல் பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வால்வை மூடினால் கேஜ் 3 கிலோ காட்டுகிறது, திறந்தால் லைன் வீடுகளில் தண்ணீர் நூலாக வருகிறது, பத்து எல்போவையும் மாற்றிவிடவா என்று கேட்டிருக்கிறாய். மாற்றாதே.

தண்ணீர் நிற்கும்போது கேஜ் காட்டுவது ஊற்றுத் தொட்டியின் 30 மீட்டர் உயரத்தை. ஓடினால்தான் உராய்வு வேலையைக் காட்டும். டார்சி, வெய்ஸ்பாக் வழியில் போட்டுப் பார்த்தேன்: உராய்வு எண் 0.02, நீளம் 400 மீட்டர், உன் கருப்பு ஹோஸின் உள்விட்டம் 32 மி.மீ. முனையை முழுதாகத் திறந்துவிட்டாலும் விநாடிக்கு 1.2 லிட்டருக்கு மேல் வராது. 30 மீட்டரில் எல்போக்கள் பத்தும் சேர்ந்து தின்பது 1 மீட்டர். மீதி கிட்டத்தட்ட எல்லாமே ஹோஸுக்குத்தான். ஹோஸ் வாங்கியவரின் சிக்கனம் அது, வேறென்ன சொல்ல!

உள்விட்டம் 50 மி.மீ. இருந்தால் விநாடிக்கு 2 லிட்டர் விட்டாலும் உராய்வில் போவது எட்டரை மீட்டர்தான். அதே 2 லிட்டரை 32-இல் தள்ள 79 மீட்டர் வேண்டும். ஒரே அளவு தண்ணீருக்கு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிராக மாறும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

இழப்பை மொத்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பார். பைக்காராத் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. 1932-இலிருந்து ஓடும் நிலையம். அங்கே எட்டரை மீட்டர் போனால் நூற்றில் ஒன்றுகூட இல்லை. உனக்கு அது கால்வாசிக்கு மேல். ஆனாலும் 21 மீட்டர் மிஞ்சும், தாராளம்.

எல்போவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஓடைக்கரையில் வைக்கப்போகிறாயே, அந்தப் பம்பு. பம்பு உறிஞ்சும்போது கடலோரத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் வரை ஏற்றும். நீ இருக்கும் குன்னூர் உயரத்தில் 8 மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சமவெளிக் கடைக்காரர் சொல்லும் உறிஞ்சு உயரத்தை அப்படியே நம்பாதே. உறிஞ்சு குழாயைக் குட்டையாக, பெரிதாக, வளைவு ஒன்றோடு போடு. அதன் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு சல்லடையில் சருகு அடைத்தால் கணக்கெல்லாம் வீண். வாரம் ஒருமுறை ஆள் விட்டுக் கழுவச் சொல்.

வால்வு திறந்திருக்கும்போது கேஜ் என்ன காட்டுகிறது என்று படமெடுத்து அனுப்பு. பழைய ஹோஸை வீசிவிடாதே, வீடுகளுக்குக் கிளை இழுக்க ஆகும்.

அன்புடன்,
அக்கா