மஞ்சள் வீடு இருந்த இடம்

பிரெஞ்சு தேசத்தின் தென்பகுதியில், ரோன் நதியின் கரையிலே உள்ள ஆர்ல் நகரத்துக்குச் செல்லும் யாத்ரிகர்கள் பெரும்பாலும் ரோமானியர் கட்டிய வட்டரங்கத்தைப் பார்க்கவே போகிறார்கள். நான் போனது, இல்லாத ஒரு வீட்டைப் பார்க்க!

ரயிலடியிலிருந்து சில நிமிஷம் நடந்தால் லமார்த்தீன் சதுக்கம் வருகிறது. வின்சென்ட் வான்கோ குடியிருந்த மஞ்சள் வீடு அங்கேதான் இருந்தது. 1944-ம் வருஷம் ஜூன் மாதம் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளால் சேதமுற்று, பின்னர் இடிக்கப்பட்டது. அதன் பின்புறம் நின்ற உயரமான கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது. வான்கோ எழுதிய சித்திரத்தின் பிரதியை ஒரு பலகையில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, நாமே வீட்டை மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வான்கோவுக்கு ஓர் ஆசை பிறந்தது. பெரிய கனவுகள் காணும் ஒரு சித்திரக்கார நண்பரின் உருவத்தை எழுத வேண்டும்; தலைமயிரின் பொன்னிறத்தை ஆரஞ்சு வர்ணம் வரையில் மிகைப்படுத்த வேண்டும்; முகத்துக்குப் பின்னால் அறையின் அற்பச் சுவருக்குப் பதிலாக, எல்லையற்ற நீலத்தைத் தீட்ட வேண்டும். தம்பி தியோவுக்கு இவ்வாறெல்லாம் எழுதினார். ஆள் வந்து உட்காருமுன்பே வர்ணங்கள் வந்துவிட்டன!

செப்டம்பர் தொடக்கத்தில் பெல்ஜியச் சித்திரக்காரர் யூஜீன் போக் வந்து அமர்ந்தார். அவருடைய மெலிந்த முகம் கவி தாந்தேயை நினைவூட்டியதாம். ஆனால் மஞ்சள் நிறம் தலைமயிரில் ஏறவில்லை, கோட்டில் இறங்கிவிட்டது. நீலத்தில் நட்சத்திரங்கள் பூத்தன. படத்துக்கு வான்கோ இட்ட பெயர் ‘கவிஞர்’. (அந்தப் போக்கின் சகோதரி அன்னாதான் 1890-ல் வான்கோவின் ‘சிவப்புத் திராட்சைத் தோட்ட’த்தை 400 பிராங்குக்கு வாங்கியவர்.)

அந்த நீலம் வெறும் கற்பனை என்று சொல்லுகிறவர்கள், இவ்வூரில் ஓர் இரவு தங்க வேண்டும். மிஸ்த்ரால் என்னும் வடகாற்று மேகங்களைத் துடைத்துவிட்டுப் போனபின் ஆகாயம் கறுப்பாக இருப்பதில்லை. ஆழ்ந்த நீலமாகவே இருக்கிறது. அதே செப்டம்பரில், வீட்டுக்கு மிக அருகிலுள்ள ஆற்றங்கரையில் நின்று ரோன் நதியின் நட்சத்திர இரவையும் வான்கோ எழுதினார்.

போக்கின் உருவப்படம் மஞ்சள் வீட்டில் வான்கோவின் படுக்கைக்கு மேலே தொங்கியது. ‘படுக்கையறை’ என்ற சித்திரத்தை உற்றுப் பார்த்தால், கட்டிலுக்கு மேல் சுவரில் அதைச் சிறிதாகக் காணலாம். அசலைப் பார்க்கப் பாரிஸ் நகரத்து ஓர்ஸே காட்சிசாலைக்குப் போக வேண்டும். 1941-ல் காலமான போக், அதைத் தேசத்துக்கே விட்டுச் சென்றார்.