வழி காட்டியவர்களின் வீடுகள்

அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகவும், இக்காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவும் உள்ள நெய்யூர் என்னும் ஊரில், வயிற்றுப் புண்ணாலும் வேறு பல வியாதிகளாலும் வருந்திய ஏழை ஜனங்களுக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் ரண சிகிச்சை செய்துவந்த டாக்டர் ஹோவர்ட் சொமர்வெல், எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்றவர்களில் ஒருவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் நெய்யூரைத் தம் ஊராக ஏற்றுக்கொள்வதற்குச் சற்று முன்பு, 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதியன்று, அந்த மலையின் வடபுறத்தில் நிகழ்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

மல்லோரி, சொமர்வெல், கிராஃபோர்டு என்னும் மூன்று ஆங்கிலேயரும் சுமை தூக்குவோர் பதினால்வரும், புதிதாகப் பெய்திருந்த ஆழ்ந்த பனியில் கயிற்றால் பிணைந்து வடக்குக் கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருக்கையில், மேலேயிருந்து சரிந்த பனி அத்தனை பேரையும் வாரிக்கொண்டது. துரைமார் மூவரும் பிழைத்து எழுந்தார்கள். சுமை தூக்கி வந்தோரில் ஒன்பது பேர் செங்குத்தான பனிச்சுவரின் கீழே வீசப்பட்டு, இருவர் உயிரோடு தோண்டியெடுக்கப்பட, எழுவர் மாண்டார்கள். எங்களில் ஒருவனாவது அவர்களோடு போயிருக்கலாகாதா என்ற வேதனை சொமர்வெல்லை விடவில்லை என்பது, பிற்காலத்தில் அவரே எழுதிய நூலால் தெரியவருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே கணவாயில் சுமை தூக்குவோர் நால்வர் இறங்க வழியின்றி அகப்பட்டுக்கொண்டபோது, தம் உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும் கயிற்றின் கடைசி நுனிவரை சென்று, சறுக்கி விழுந்த இருவரைக் கைப்பற்றி இழுத்துக் கரைசேர்த்தவரும் அவரே. முந்தைய மரணங்கள்தாம் அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தன என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டதே அவர் மனத்தை மாற்றியது. ஆயினும் பிறர் உயிருக்குத் தாம் கடன்பட்டவர் என்று அறிந்த ஒரு மனிதர் தம் வாழ்நாளை என்ன செய்தார் என்பதை எண்ணும்போதெல்லாம், அந்த எழுவரின் வீடுகளில் அதற்குப் பிறகு அடுப்பு எவ்வாறு எரிந்திருக்கும் என்ற நினைவும் எனக்குக் கூடவே வருகிறது.

மலை ஏறுவோரின் சரித்திரத்தில் வழிகாட்டியின் மரணம் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அவன் குடும்பத்தில் அது முடிவதே இல்லை. நேபாளப் பக்கமாக எவரெஸ்ட் சிகரத்துக்குப் போகிறவர் வழியிலுள்ள கும்பு பனியருவியைச் சில தடவை கடந்தால் போதும். அவருக்கு முன்னே கயிறு கட்டி, ஏணி பொருத்தி, கூடாரமும் பிராணவாயுக் குப்பியும் அடுப்பெரிக்கும் வாயுவும் சுமந்து செல்லும் ஷெர்பாவோ அதே இடத்தை ஒரே பருவத்தில் பன்முறை கடந்தாக வேண்டும். அபாயம் அவனுக்கே அதிகம். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி காலை அந்தப் பனியருவியின் மீது பெயர்ந்து விழுந்த பனிக்கட்டிகள் பதினாறு பேரைக் கொன்றபோது, மாண்டவர் அனைவரும் நேபாளத் தொழிலாளரே. அவர்களில் மூவரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. ஈமச் செலவுக்கென்று அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். இறந்தவர் பொருட்டு நாற்பத்தொன்பது நாள் வரையில் லாமாக்களை அழைத்துச் சடங்கு நடத்த வேண்டிய ஒரு பௌத்தக் குடும்பத்துக்கு அது எம்மட்டு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஷெர்பாக்கள் வேலையை நிறுத்தி வெகுண்டெழுந்த பிறகே, 10 லட்சமாயிருந்த கட்டாயக் காப்பீட்டுத் தொகை 15 லட்சமாக உயர்ந்தது. இதை நான் வருத்தத்தோடு மட்டுமல்ல, கோபத்தோடும் எழுதுகிறேன்.

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில் துக்லா என்னும் இடத்துக்கு மேலே, மூச்சு வாங்கும் ஓர் ஏற்றத்தின் முடிவில், மலையில் மாண்டவர்களுக்காக எழுப்பிய கற்கூம்புகளும் ஸ்தூபிகளும் வரிசையாக நிற்கின்றன. மந்திரக் கொடிகள் காற்றில் படபடக்கின்றன. பிரயாணிகள் பலர் தாம் புத்தகங்களில் படித்த அயல்நாட்டாரின் பெயர்களையே தேடிப் படம் பிடிப்பதை நான் அங்கே கண்டேன். எங்களுக்கு வழி காட்டி வந்த இளைஞன் சுமையை இறக்கிவைத்து, பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு கற்குவியலின் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான். அவன் யாருக்காக நின்றான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் சொல்லியிருக்க மாட்டான்.

அங்கே பெயர் பெற்ற நினைவுச் சின்னங்களில் ஒன்று பாபு சிரி ஷெர்பாவினுடையது. 1999-இல் பிராணவாயுவின் துணையின்றி எவரெஸ்ட் உச்சியில் 21 மணி நேரம் தங்கியிருந்தவர். மறு ஆண்டில் அடிவாரத்திலிருந்து 17 மணி நேரத்துக்குள் உச்சியை அடைந்தவர். பத்து முறை அச்சிகரத்தைத் தொட்டு மீண்டு, 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி இரண்டாம் முகாமின் அருகே ஒரு பனிப்பிளவில் விழுந்து மறைந்தவர். இந்தச் சாதனைகளைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் பிறந்து, தாமாகவே எழுத்துக் கற்று, தம் கீர்த்தியையே மூலதனமாக்கிப் பிறரிடம் கேட்டு, தம் கிராமத்துக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டினார் அவர். அபாயமான தொழிலில் இறங்கும் தகப்பன்மார் பெரும்பாலோருடைய அந்தரங்க அபிலாஷையும் இதுவே அன்றோ: தம் மக்கள் அந்தத் தொழிலுக்கு வர வேண்டியதில்லாமற் போக வேண்டும் என்பது. எனவே அத்தகையவருக்குச் செய்யும் சிரார்த்தம் எதுவென்று என்னைக் கேட்டால், அவர் பாதியில் விட்டுப்போன அந்தப் பள்ளிச் செலவைக் கையேற்பதே என்பேன்.

அப்படிக் கையேற்றவர்களும் இருக்கிறார்கள். பத்தொன்பது முறை எவரெஸ்ட் ஏறிய செவாங் நிமா ஷெர்பா 2010-இல் பருந்த்சே மலையில் மாண்டபின், அவரோடு அம்மலைக்குச் சென்றிருந்த அமெரிக்கப் பெண்மணி மெலிசா ஆர்னோ, டேவிட் மார்ட்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து 2012-இல் ஜூனிப்பர் நிதியைத் தொடங்கினார். மலையேறும் முன் செய்யும் பூஜையில் தூபமாக எரிக்கும் செடியின் பெயர் அது. பணியில் இறந்த மலைத் தொழிலாளரின் குடும்பங்களுக்கு அந்நிதி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணம் கொடுக்கிறது. கையில் பணமாகவே கொடுப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கைம்பெண்ணுக்கு எது அவசரம் என்பது அவளுக்கே தெரியும், தர்மம் செய்பவருக்குத் தெரியாது. 1999-இல் திபெத்தின் ஷிஷாபங்மா மலையில் பனிச்சரிவில் இறந்த மலையேறி அலெக்ஸ் லோவின் பெயரால் அவர் மனைவி தொடங்கிய அறநிலையமோ வேறு வழியை எடுத்துக்கொண்டது: போர்ட்சே என்னும் ஷெர்பா கிராமத்தில், வேலை குறைந்த குளிர்காலத்தில், கயிற்று முடிச்சும் பனிச்சுவர் ஏற்றமும் விபத்தில் சிக்கியவரை மீட்கும் முறையும் உள்ளூர்த் தொழிலாளருக்குக் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளி. இறந்தவருக்கு ஞாபகமாக, இனி இறக்கவிருப்போரின் தொகையைக் குறைக்கும் வேலை அது.

ஐந்து ஆண்டு உதவியைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நிதியை நடத்துவோரின் பேரில் அன்று, அதற்குப் பணம் அனுப்பும் நம் போன்றோரின் பேரில். தகப்பன் பனியில் புதையும்போது மூன்று வயதாயிருந்த குழந்தைக்கு, உதவி நிற்கும் காலத்தில் எட்டு வயதுதான் ஆகியிருக்கும். அந்தக் குழந்தை படிப்பை முடித்துத் தன் காலில் நிற்க அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேண்டும். பெரிய விபத்து நடந்த வருஷத்தில் குவிகிற பணம் மறு வருஷமே வற்றிப்போகிறது. இமயத்தில் நடந்து திரும்பிய ஒவ்வொருவரும், தம் முன்னே நடந்தவனுக்குப் பிரியும்போது கொடுத்த இனாமில் ஒரு பங்கையாவது, விபத்துச் செய்தி ஒன்றும் வராத வருஷங்களிலும் இத்தகைய நிதிகளுக்கு அனுப்பி வந்தார்களானால், அந்த ஐந்தைப் பதினைந்தாக்க முடியும்.