கோப்பில் இல்லாத மூன்று காரணங்கள்

எங்கள் காலத்தில் அலுவலக வராந்தாவில் டெண்டர் பெட்டி இருக்கும். தகரப் பெட்டி, மேலே உறை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, பூட்டின்மேல் அரக்கு முத்திரை. மூன்று மணி ஆனதும் பிளவை அடைத்துவிட்டு, வந்திருக்கும் ஒப்பந்ததாரர்கள் முன்னிலையில் பெட்டியைத் திறப்போம். ஒவ்வோர் உறையிலும் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவோம். விலைப் பட்டியலில் அடித்தல் திருத்தல் எத்தனை என்று எண்ணிப் பக்கத்தின் அடியில் எழுதுவோம். முப்பத்துமூன்று ஆண்டுகள் பொறியாளராக இருந்தேன். இந்த முறைகளில் ஒருநாளும் தவறியதில்லை. நான் தவறிய இடம் வேறு. பெட்டியைத் திறந்த பிறகு, அறைக்குள் உட்கார்ந்து யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று பார்க்கும் இடம் அது.

ஓடைக்கு மேல் ஒரு சிறு பாலம் கட்டும் வேலை. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, 2000இல் நடைமுறைக்கு வந்து, சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு உறை முறை. தகுதி உறையை முதலில் பிரிக்க வேண்டும், அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு பிரிக்கலாம். நான்கு பேர் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கொடுத்திருந்த அனுபவச் சான்று, அவர் இன்னொருவரிடம் துணை ஒப்பந்தத்தில் செய்த வேலைக்கானது. தன் பெயரில் எடுத்துச் செய்த பாலப் பணி வேண்டும் என்பது அறிவிப்பில் தெளிவாகவே இருந்தது. நாங்கள் மூன்று பேர் ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினோம். சான்று கொடுத்த அலுவலகத்துக்கு டிரங்கு கால் காலத்துப் பழக்கத்தில் உரக்கப் பேசி விசாரித்தேன். அவர் காட்டிய வேலையின் மதிப்பும் போதவில்லை, முடித்த ஆண்டும் கேட்ட காலத்துக்கு முந்தையது. ஆக மூன்று காரணங்கள். மூவருக்கும் சந்தேகமே இல்லை.

மதிப்பீட்டு அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே நான் எழுதியது ‘தகுதி பெறவில்லை’ என்ற இரண்டே சொற்கள். அவருக்குப் போன கடிதத்திலும் அதே இரண்டு சொற்கள்தான்.

யாரை ஏற்றோம் என்பதோடு, மற்றவர்களை ஏன் தள்ளினோம் என்ற காரணத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்கிறது. படித்திருந்தேன். காரணம்தான் எங்கள் மூவருக்கும் தெரியுமே என்ற நினைப்பில் எழுதாமல் விட்டேன்.

அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். இடைக்காலத் தடை வந்தது. கவுண்டர் தாக்கல் செய்யச் சொன்னார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து மூன்று காரணங்களையும் பத்தி பத்தியாக எழுதினேன். அரசு வழக்கறிஞர் படித்துவிட்டு, “பலமா இருக்கு சார்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். விசாரணை நாளில் நீதிபதி அதை முழுவதும் படித்தார். பிறகு மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இந்தக் காரணங்கள் கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன?” என்று கேட்டார். பின்வரிசையில் நின்றிருந்தேன். என்னிடம் பதில் இல்லை.

மொஹிந்தர் சிங் கில் வழக்கு என்று ஒன்று இருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். டெண்டருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1977 நாடாளுமன்றத் தேர்தலில் பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் தொகுதியில் எழுந்த தகராறு அது. அந்தத் தீர்ப்பில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் ஒரு விதியை நிலைநிறுத்தினார். அதிகாரி ஓர் உத்தரவு போட்டால், அந்த உத்தரவில் சொன்ன காரணத்தை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதை நிமிர்த்தக் கூடாது. நான் இரவு முழுக்கச் செய்த வேலை அதுதான்.

எங்கள் உத்தரவை ரத்து செய்து, மனுதாரரின் விளக்கத்தைக் கேட்டுக் காரணங்களுடன் புதிதாக முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அதற்குள் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கடந்துவிட்டன. தற்காலிகமாகப் போட்டிருந்த குழாய்ப் பாதையை முதல் வெள்ளமே அடித்துப்போனது. அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர, இரு கரையிலும் கயிறு கட்டி, பெரியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தினார்கள். ஜீப்பிலிருந்து இறங்கி நான் அதைப் பார்த்தேன். ஒரு சிறுமி புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள். இருபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அந்தப் பை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுபடி அந்த ஒப்பந்ததாரரை அழைத்து எதிரே உட்காரவைத்து, அவருடைய சான்றையும் அறிவிப்பையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். “இதை அன்னைக்கே எழுதிக் கொடுத்திருந்தீங்கன்னா நான் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டேன் சார்” என்றார். இரண்டாம் முறையும் அவருக்குத் தகுதி இல்லை என்றுதான் முடிவானது. அவர் வழக்குப் போடவில்லை. பாலம் மாசியில் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பலர் நினைப்பதுபோல் நீதிமன்றம் இன்னொரு மதிப்பீட்டுக் குழு அல்ல. நான்கு பெருநகரங்களுக்குச் செல்பேசி உரிமம் கொடுத்ததில் எழுந்த டாடா செல்லுலார் வழக்கில், 1994இல் தமிழகத்து நீதியரசர் எஸ். மோகன் எழுதிய தீர்ப்பு இதற்கு அடித்தளம். முடிவு சரியா என்று பார்க்கும் மேல்முறையீட்டு மன்றமாக நாங்கள் உட்காரவில்லை, முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கிறோம் என்பது அதன் சாரம். ஜகதீஷ் மண்டல் வழக்கில் நீதியரசர் ஆர். வி. ரவீந்திரன் அதை இரண்டு கேள்விகளாக்கினார். யாருக்கோ சாதகம் செய்யும் கெட்ட எண்ணம் இருந்ததா, அல்லது பொறுப்புள்ள எவரும் எடுக்க முடியாத அளவுக்கு முடிவு தாறுமாறாக இருக்கிறதா என்பது ஒன்று. பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இல்லை என்பதே பதிலானால் நீதிமன்றம் தலையிடாது.

சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காங்கிரீட்டின் வலிமையை நீதிபதி சோதிக்க முடியாது. ஒவ்வொரு டெண்டரும் தடையாணையில் நின்றால் கயிறு பிடித்து ஓடை கடப்பவர்கள் கடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று உண்டு. நீ சரியா என்று வெளியிலிருந்து யாரும் கேட்கப்போவதில்லை என்றால், அந்தக் கேள்வியை அதிகாரி தனக்குத்தானே கேட்டு, பதிலை அன்றே எழுதிவைத்தாக வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் சில முடிவுகள் தவறு என்பதே நமக்குப் புலப்படும். வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலை பழைய இரும்பை விற்கக் கேட்ட டெண்டர் ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போனது. முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ கட்டச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் வேறொரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் காசோலையை, பணம் நிச்சயம் என்ற வங்கிச் சான்றுடன் வைத்தார். உயிரான நிபந்தனை வேறு, துணை நிபந்தனை வேறு, இது இரண்டாம் வகை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இது ஏன் உயிரான நிபந்தனை?’ என்று ஒரு வரி எழுத முயன்றிருந்தால், என் கையாலேயே தள்ளப்பட்ட சில உறைகள் தப்பியிருக்கும்.

அலுவலகத்தில் படித்த பாடத்தை வீட்டில் மறந்தேன். ஓய்வுபெற்றதும் வீட்டை எழுதிவைத்தபோது கீழ்த்தளத்தை இளையவனுக்குக் கொடுத்தேன். அவன் மகனுக்குக் காலில் குறை, படியேற முடியாது. மூத்தவனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். பத்திரம் பதிவாகி ஆறு மாதம் கழித்து மூத்த மருமகள் ஒருநாள் தயங்கித் தயங்கி, “ஏன் மாமா அப்படி?” என்று கேட்டாள். சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கவுண்டர் படிப்பதுபோல் கேட்டது. நான் சொன்ன அத்தனையும் உண்மை. கேட்ட பிறகு சொன்ன உண்மை. மூத்தவன் பழையபடி என் அறைக்கு வந்து உட்கார இரண்டு ஆண்டுகள் ஆயின.

போன வாரம் ஓர் இளம் ஒப்பந்ததாரர் வந்தார். சாலை வேலை டெண்டரில் தள்ளிவிட்டார்களாம். ஹாட் மிக்ஸ் பிளான்ட் சொந்தமாக இல்லை என்று கடிதத்தில் காரணம் எழுதியிருந்தார்கள். எழுதியிருந்ததால்தான் எங்களால் அதை அறிவிப்போடு வைத்துப் பார்க்க முடிந்தது. அறிவிப்பில் சொந்தமாகவோ வாடகை ஒப்பந்தத்திலோ இருக்கலாம் என்றிருந்தது. வாடகை ஒப்பந்தம் அவரிடம் இருந்தது.

“நேரா ஹைகோர்ட்டுக்குப் போயிடலாமாங்க ஐயா?”

அவருக்கு ரமணா தயாராம் ஷெட்டி வழக்கைச் சொன்னேன். 1977இல் பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர். 5 ஆண்டு அனுபவமுள்ள பதிவுபெற்ற ஓட்டல்காரர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். தகுதி தளரும் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே என்று ஒருவர் வழக்காடினார். அரசு தானே வகுத்த அளவுகோலை மீறக் கூடாது என்று 1979இல் நீதியரசர் பகவதி எழுதினார். இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. ஆனால் ஐந்து மாதத்துக்குமேல் தாமதித்து வந்தார், அதற்குள் மற்றவர் பணம் போட்டுக் கடையை அமைத்துவிட்டார் என்பதும் சேர, வழக்காடியவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

“கடிதம் கைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு தம்பி?”

“ஒம்போது நாளுங்க.”

சட்டத்தின் 11ஆவது பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யப் பத்து நாள்தான். இரவு ஏழு மணியாகியிருந்தது. பேத்தியைக் கூப்பிட்டு மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னேன். அறிவிப்பின் நிபந்தனை எண்ணை நான் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள். அந்தத் தம்பி வாடகை ஒப்பந்தத்தை உறையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் விரித்தார்.