நாமினி அண்ணனின் வீட்டில்

நெடுஞ்சாலையை விட்டு சிம்பாங் ரெங்கத்துக்குள் இறங்கினால் செம்பனை, நடுநடுவே அன்னாசி. அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போனேன்.

வாசலில் இரண்டு பறவைக் கூண்டுகள். ஒன்றில் மட்டும் மெர்போக் புறா இருந்தது. “இன்னொன்ன பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான், குடுத்துட்டேன் தம்பி. இது அவரு கையில தின்னே பழகுனது” என்றார் அண்ணி.

காப்புறுதி முகவராகத் தொடங்கி நிதி ஆலோசகர் ஆனவர் அண்ணன். ஊருக்கோ அவர் பூப்பந்து ஆடுகிறவர், தூண்டில் போடுகிறவர், வெள்ளிக்கிழமை பஜனையில் மிருதங்கம் வாசிக்கிறவர். ஆட்டம் முடிந்து வியர்வை துடைக்கும்போது, “நாமினேஷன் போட்டாச்சா?” என்பார்; நமக்குப் பின் சேமிப்பு யாருக்கு என்று எழுதிவைத்தாயிற்றா என்று பொருள். அவர் ஆள் பிடித்ததெல்லாம் அப்படித்தான். பலருக்கு எதையும் விற்கவில்லை, அந்தப் பாரத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தார்.

கூடத்தில் தபால்தலை ஆல்பங்கள். 1957 ஆகஸ்ட் 31இல் வெளிவந்த பத்து காசு மெர்டேக்கா தலையில் துங்கு கையை உயர்த்தி நிற்கிறார். அடுத்த பக்கத்தில், மடிப்பில் கிழிந்த ஒரு ரசீது: பால்மரம் வெட்டிய அண்ணனின் அம்மா தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டியது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடிய காலத்தில், தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். சேமிப்பு என்ற சொல்லையே அம்மாவிடம்தான் கற்றேன் என்று அண்ணன் சொல்வார்.

மேசை மேல் அவருடைய நோட்டு. பெயர், கல்யாணத் தேதி, எதிரே ஒரு குறி. ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாத ஒருவர் கல்யாணத்துக்கு முன் யார் பெயரை எழுதியிருந்தாலும், கல்யாணத்தோடு அது செல்லாது. புதிதாக எழுதாமல் அவர் இறந்தால் மனைவி சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதனால்தான் அண்ணன் கல்யாண வீடுகளுக்கு மொய்க் கவரோடு பாரமும் கொண்டுபோவார். அபசகுனம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது அவர் செய்த பெரிய மரியாதையாகவே படுகிறது.

என் பெயருக்கு எதிரே நீல மையில் குறி. கடைசிப் பக்கத்தில் நான்கு பெயர்கள் சிவப்பில்: “கல்யாணம் ஆச்சு. மாத்தணும்.”

“இவங்ககிட்ட யாரு சொல்றது?” என்றார் அண்ணி. அங்கேயே உட்கார்ந்து நான்கு பேரையும் கூப்பிட்டேன். மூவர் எடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் எழுதிய பாரம் உங்களுடையது என்றால், இந்த வாரமே சேமநிதி அலுவலகத்துக்குப் போய் மாற்றிவிடுங்கள்.