நாலு தப்புக்குள் ஒரு கூத்து

கொழும்பில் வயலின் வாசிக்கும் நண்பர், பின்லாந்தின் சிபேலியுஸ் 1893இல் எழுதிய கரேலியா இசையிலிருந்து ஒரு மார்ச்சை நால்வர் தந்திக் குழுவுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். டிரம்பெட்டும் முரசும் சேர்ந்து எழுப்பும் நடை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்குள் அடங்க வேண்டும். முரசு விழும் இடத்தில் செல்லோவின் தந்தியைச் சுண்டவைத்திருந்தார். "இதைத் தாளில் எழுதாமலே செய்யுற ஒருத்தர் யட்டியாந்தோட்டைப் பக்கம் இருக்கார், போய்ப் பாருங்க" என்று அனுப்பியவரும் அவர்தான்.

அவிசாவளை தாண்டினால் ரப்பர் மரங்கள். லயத்து வாசலில் மாசி மாதக் காமன் கூத்துக்கு ஒத்திகை நடந்தது. சருகைக் கொளுத்தித் தப்பு மேளங்களைக் காய்ச்சினார்கள். கேகாலை ஈரத்தில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். காய்ச்சிய சூடு போகுமுன் அடித்தாக வேண்டும். நண்பர் சொன்ன அந்தத் தாத்தாவின் வலக்கையில் தடித்த குச்சி, இடக்கையில் மெல்லிய மூங்கில் சிம்பு. தடிக்குச்சி நடுத்தோலில் விழுந்தால் கனத்த சத்தம். சிம்பு விளிம்பில் பட்டால் சுள்ளென்று வெடிக்கும்.

"முந்தி பத்துத் தப்பு நின்னுச்சு தம்பி. பாதிப் பேரு அடியப் புடிச்சி நிப்பாங்க, மத்தவுக பதில் அடிப்பாங்க. இப்ப நாலு பேரு. அந்தப் பதிலு எங்க போகும்?"

கேள்விக்கு அவரே அடித்துக் காட்டினார். முன்பு இரண்டு பேர் பகிர்ந்ததை இப்போது ஒருவரே வலக்கையில் அடியும் இடக்கையில் பதிலுமாக வாசிக்கிறார். கூத்தில் வீரபத்திரன் வரும்போது எல்லாத் தப்பும் ஒன்றாக அதிர வேண்டும். நாலு தப்பில் அந்தக் கனம் வராது. அதனால் வருகைக்கு முன் சற்றே மௌனம் விட்டு, பிறகு நாலையும் ஒரே அடியில் இறக்குகிறார். மௌனம்தான் மீதி ஆறு தப்பின் வேலையைச் செய்கிறது. என் நண்பரின் தாளில்கூட இவ்வளவு துணிச்சலான இடத்தை நான் பார்க்கவில்லை.

அந்த ஆறு பேர் எங்கே? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அதில் தாத்தாவின் அண்ணன்மார் போனார்கள். 1977 இனவன்செயலில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் ஓடியவர்கள் சிலர். மிச்சமிருந்த வீடுகளில் பிள்ளைகள் தப்பைத் தொட மாட்டோம் என்கிறார்கள். சாவு வீட்டில் அடிக்கவைத்தே ஒரு சாதியை இழிவுபடுத்திய ஊரில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் வேறு ஆள்கள்மேல். கலைவிழா என்று இவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற ஏற்பாட்டுக்காரர்கள், மேடைக்காரரிடம் வாங்கியதில் பாதியைக்கூட இவர்கள் கையில் கொடுப்பதில்லை. தேயிலை, ரப்பர் தொழிலாளரின் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் பால்வெட்டை விட்டுவிட்டு வருகிறார்கள். இரவெல்லாம் அடித்த கைக்கு ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு பொன்னாடையும் கூலியா? யாருக்கு எவ்வளவு என்று மேடையிலேயே எல்லார் முன்னாலும் வாசித்துக் கொடுத்தால், இடையில் நிற்பவருக்கு வேலையே இருக்காது.

ஒத்திகை முடிந்ததும் தாத்தாவிடம் அடுத்த வருசத்தைப் பற்றிக் கேட்டேன். இடது ஓரத்துத் தப்புக்காரர் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறாராம்.

"மூணு பேருக்கும் பிரிச்சு வச்சிட்டேன் தம்பி. ரதி அழுற எடத்துல தப்பு வேணாம், பாட்டு மட்டும் போதும். காமன் தகனத்துக்குத்தான் நாலாவது ஆளு வேணும். அந்த ஒரு ராத்திரிக்கு லீவு போட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்."