பங்குனித் தண்ணீர்

மாசி கழிந்து பங்குனி பிறந்தால் எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிடும். அப்போது அம்மா விடியுமுன்னே எழுந்து கரைக்குப் போவாள். ஆடு பத்திக்கொண்டு போகவோ விறகு பொறுக்கவோ இல்லை, தண்ணீரைப் பார்க்கத்தான் போவாள். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "கெண்டை வாயப் பொளக்குதுடி, இன்னும் பத்து நாளு" என்பாள். அப்பா உயிரோடு இருந்தவரை அந்தக் கணக்கை அவர்தான் ஊருக்குள் போய்ச் சொல்வார். சொல்லும்போது அது அவருடைய கணக்காகிவிடும்.

பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம் என்றால் ராமேஸ்வரம், கடல், கருவாடு. எங்களுக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில் வருவது. காசு கொடுத்து வாங்குவது. சொந்த மீன் என்றால் கண்மாய் மீன்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையும், வைகையில் வெள்ளம் வந்தால் பார்த்திபனூர் மதகு அணையிலிருந்து பிரிந்து கால்வாய் கால்வாயாக ஓடி வருகிற தண்ணீரும்தான் எங்கள் பக்கத்துக் கண்மாய்களை நிறைக்கும். அந்த வெள்ளத்தோடு மீனும் ஏறிவரும். தை அறுவடை வரை மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். மாசியில் மடைக்குக் கீழே இறங்கிய தண்ணீர் வயலுக்கு உதவாது. அதற்கப்புறம் வெயிலும் காற்றும் மட்டுமே அதைக் குடிக்கும். கண்மாய் சுருங்கச் சுருங்க மீனெல்லாம் உள்வாய்ப் பள்ளத்தில் வந்து சேரும்.

பங்குனித் தண்ணீருக்கு ஒரு நிறம் உண்டு. ஓரத்தில் சந்தனக் கலர், நடுவில் பாசிப் பச்சை. பகலில் கால் வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். பாசி பகலில் வெயிலை வாங்கிக் காற்றைத் தண்ணீருக்குக் கொடுக்கும். இரவில் வெயில் இல்லாததால் மீனைப் போல அதுவும் மூச்சு வாங்கத்தான் செய்யும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். கெண்டையும் கட்லாவும் மேலே வந்து வாயைப் பிளப்பது அந்த நேரத்தில்தான். இதைப் பின்னாளில் நான் கல்லூரியில் படித்தேன். அம்மாவுக்கு அந்தக் காரணம் தெரியாது, ஆனால் நேரம் தெரியும். வெயில் ஏறின பிறகு வந்து பார்க்கிறவனுக்குக் கண்மாய் ஒன்றும் சொல்லாது என்பாள். முதலில் சாவது கெண்டை வகை. சிலேபி தாக்குப்பிடிக்கும். 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது; எங்கள் ஊரில் அது எப்போதுமே இருந்ததுபோல இருக்கிறது. விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே குடித்துக்கொள்ளும். சேறாகும் வரை இருக்கும். சேற்றில் குமிழி வரும் இடத்தை வைத்து அடியில் விரால் கிடப்பதை அம்மா சொல்லிவிடுவாள். நானும் பல தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாக் குமிழியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

குத்தகைக்காரர் இழுவலை போட்டு எடுத்ததுபோக மிச்சம் ஊருக்கு. இரண்டு கட்டமாக நடக்கும். முதல் நாள் ஊர் சேர்ந்து வலை இழுத்து, கரையில் பனையோலை பரப்பி, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று மீனைப் பிரித்து வைப்பார்கள். மறுநாள் அழிப்பு. கரைச்சாமியைக் கும்பிட்டுப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, பரி என்று கையில் கிடைத்ததோடு எல்லாரும் இறங்குவார்கள். எல்லாரும் என்று எழுதிவிட்டேன். ஆண்கள். சேறு கலங்கி, பெரிய மீன் எல்லாம் போன பிறகு, மத்தியானத்துக்கு மேல் பெண்கள் ஓரத்தில் சேலையை விரித்துக் கெண்டைப்பொடியும் அயிரையும் அள்ளுவோம். அன்று ராத்திரி எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு வாசம். யாரும் அந்த மீனை விற்க மாட்டார்கள்.

அப்பா 1993 ஆடியில் இறந்தார். அடுத்த பங்குனியில் கூறு வாங்கிவர அம்மா என்னைப் போசியோடு அனுப்பினாள். எனக்கு 13 வயது. ஓலையில் வரிசையாக மீன் குவியல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மீனும் சில்லறையும். பேர் வாசித்தார்கள், ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசிக் கூறும் போனது. நான் போசியோடு நின்றேன். முறைக்குச் சின்னத் தாத்தாவாகிற ஒருவர்தான் என்னைப் பார்த்தார். "ஒங்க வீட்டுல தலக்கட்டு இல்லையேத்தா. ஒங்கப்பனோட வரி போச்சுல்ல. வெறுங்கையோட போகாத" என்று தன் கூறிலிருந்து இரண்டு சிலேபியை எடுத்துப் போட்டார். நல்ல மனுஷர். அந்த இரண்டு மீனும் கனத்த மாதிரி எதுவும் எனக்குக் கனத்ததில்லை.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் செலவுக்கும் அவனிடம்தான் வரி. புருஷன் போனவளிடம் வரி வாங்குவதில்லை என்பதை ஊர் ஒரு தருமமாகச் சொல்லும். வரி இல்லாத இடத்தில் கூறும் இல்லை, கூட்டத்தில் பேச்சும் இல்லை. 1989இலேயே தமிழ்நாட்டில் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று வந்துவிட்டது. கண்மாய் மீன் எந்தப் பூர்வீகத்தில் சேரும்?

அம்மா அந்த வருஷம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு சிலேபியையும் குழம்பு வைத்தாள். அடுத்த வருஷம் பங்குனித் திருவிழாக் கூட்டம் நடந்த சாவடிக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "வரிய வாங்கிக்கங்க மாமா. மீன் கூறயும் குடுத்துருங்க" என்றாள். முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தாள். உள்ளே சிரித்தார்கள். யாரும் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "பொம்பளகிட்ட வரி வாங்கித் திங்கிற ஊராத்தா இது? ஒம் மகன் தலையெடுக்கட்டும், தன்னால வரும்" என்றார் மாமா. என் தம்பிக்கு அப்போது ஒன்பது வயது.

அழிப்பன்று காலையில் அம்மா பரணிலிருந்து அப்பாவின் ஊத்தாவை இறக்கினாள். அடி அகலமாய், மேல் வாய் குறுகலாய், இரண்டு பக்கமும் திறந்த கூடை. தண்ணீரில் குத்தி, உள்ளே மீன் முட்டுகிறதா என்று கேட்டு, மேல் வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டினாள். நான் வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. ஊர்ப் பையன்கள் எல்லாரும் இருப்பார்கள், என் வகுப்புப் பையன்களும். பயம் என்று அப்போது நினைத்தேன். அது வெட்கம், அவள் கால் தெரிவதைப் பற்றி எனக்கிருந்த வெட்கம். அதே கால், அதே சேலை, நாற்று நடும்போது முழங்காலுக்கு மேலேதான் இருக்கும், வரப்பில் அதே ஆண்கள்தான் நிற்பார்கள். அதை யாரும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. கூலிக்குச் சேற்றில் இறங்கினால் உடம்பு தெரியாது போலிருக்கிறது.

துண்டு வீசினதும் அவள் இறங்கினாள். நான் கருவேல மரத்தின் பின்னால் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை, அத்தனை கலவரம். அவள் கூட்டத்தோடு ஓடவில்லை. மடைக்குத் தள்ளி, ஆட்கள் கலக்காத ஒரு மூலைக்குப் போய், நின்று, பார்த்து, ஒரு குத்து குத்தினாள். மூன்றாவது குத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அதை அவள் இரண்டு கையாலும் தூக்கியபோதுதான் கத்தல் கேட்டது. சாமி குத்தம் என்று ஒரு குரல். "யாருடி அவ" என்று இன்னொன்று, அவளை எல்லாருக்கும் தெரிந்திருந்தும். கரையில் நின்ற பெண்கள் பேசியதுதான் அதிகம். அதில் என் சொந்த அத்தையும் உண்டு. அம்மா விராலைப் பரியில் போட்டுவிட்டு மறுபடி குத்தினாள். யாரும் அவளைத் தொட்டு வெளியேற்றவில்லை. சேற்றில் நிற்கிற பெண்ணை எப்படித் தொடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். எதிர்க்கரையில் காலனி ஆட்கள் நின்றிருந்தார்கள், ஆண்களும் பெண்களும். எங்கள் ஆட்கள் எல்லாம் கரையேறிய பிறகுதான் அவர்கள் இறங்கலாம். தலைக்கட்டு இருந்தும் அவர்களுக்குக் கூறு கிடையாது. மடை திறக்கிறதும், வெள்ளக் காலத்தில் ராத்திரிக் காவலும் அவர்கள் வேலை. என் அம்மா வரியை முடிந்துகொண்டு சாவடி வாசல் வரையாவது போக முடிந்தது. அவள் அந்தக் கரையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானும் ஊரை விட்டு வந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தக் காட்சியில் அந்தக் கரையைச் சேர்த்தேன்.

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில், சகாரா ஓரத்து வறண்ட பூமியில், டோகோன் மக்களின் பம்பா ஊருக்குப் பக்கத்தில் அந்தோகோ என்று ஒரு சிறு ஏரி இருக்கிறது. கோடையில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் அதில் மீன் பிடிக்கலாம். பெரியவர் சொன்னதும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடையோடு பாய்வார்கள். சில நிமிடங்களில் ஏரியில் மீன் மிஞ்சாது. பிடித்ததைப் பெரியவரிடம் கொடுக்க, அவர் பகிர்ந்தளிப்பார். அழகான வழக்கம். பெண்கள் இறங்கக் கூடாது. அதைப் பற்றி ஒரு படம் பார்த்தபோது எனக்கு எங்கள் கரைச்சாமியும் வெள்ளைத் துண்டும்தான் கண்ணில் நின்றன. இங்கே பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் பாசி எடுக்கக் கடலுக்குள்ளேயே முங்குகிறார்கள். மீனவர் என்று சொன்னால் ஆண்தானே நம் மனதில் வருகிறது.

அடுத்த ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை சரியில்லை. கண்மாய் பாதிகூட நிறையவில்லை. அது யாரால் என்று ஊருக்குள் ஒரு பேச்சு ஓடியது. அம்மாவின் காதில் விழுகிற மாதிரிதான் பேசினார்கள். அவள் ஊத்தாவைப் பரணில் ஏற்றினாள். அப்புறம் இறக்கவில்லை. தோற்றுவிட்டாள் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஒரு தடவை கேட்டபோது, "அடுத்தடுத்து மூணு வருசம் தண்ணியில்ல, எதுல போயி குத்துறது?" என்றாள்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது, 2016இல் சட்டம் அதைப் பாதியாக்கியது. எங்கள் ஊராட்சிக்கும் ஒரு பெண் தலைவர் வந்தார். கண்மாய் மீன் ஏலத்தன்று அவர் கையெழுத்துப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தொகை கூவியது அவர் வீட்டுக்காரர். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதால் கண்மாய்க்குள் இருந்த சீமைக் கருவேலத்தைக் கொஞ்சம் வெட்டினார்கள், மறுபடி முளைத்துவிட்டது. வேர் கிடக்கிற இடத்தில் வலை இழுக்க முடியாது. ஊத்தா குத்தலாம்.

தம்பி 2010இல் கல்யாணம் செய்தான். அந்த மாதமே ஊர்க் கணக்கில் எங்கள் வீடு மறுபடி ஏறிவிட்டது. மாமா சொன்னபடி தன்னால் வந்தது. நான் பரமக்குடியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். சம்பளம் வாங்குகிறேன், வருமான வரி கட்டுகிறேன், தலைக்கட்டு இல்லை.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி கூறு மீனைப் பையில் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. கரைக்குப் போவதை விட்டு இரண்டு வருஷமாகிறது. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, சாம்பல் தொட்டு விராலை உரசிக்கொண்டே, "நாளைக்கி அழிப்பாக்கும்" என்றாள். ஆமாம் என்றான். அவன் போன பிறகு என்னைப் பார்த்தாள். "வெள்ளன எந்திரிச்சு ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாடி."

நாலரைக்கு எழுந்து போனேன். நிலா இருந்தது. வெட்டாத கருவேலத்தின் நிழலில் தண்ணீர் கறுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை இறங்கி நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சப்புக் கொட்டுகிற சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். சத்தத்தைச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டாள். மடைக்கு இந்தாண்டை, கருவேல மூட்டுக்குப் பக்கத்தில் என்றேன். "அங்கயா" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, பரண் பக்கம் பார்த்தாள். "அதுல விளாரு ரெண்டு ஒடிஞ்சு கெடக்கும். கட்டுனா நிக்கும்."

ஏணி எங்கே என்று கேட்டேன்.