சார்மினார் நிழலில் ஒரு பேரம்

கொரோனாவின் முதல் அலை தணிந்து, இரண்டாம் அலை இன்னும் எழாதிருந்த 2021 ஜனவரி மாதம். உம்மாவின் கண் சிகிச்சைக்காக ஹைதராபாத் செல்ல நேர்ந்தது. நோயாளியுடன் ஒருவர் மட்டுமே தங்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தங்கை உடனிருந்தாள், எனக்கு ஒரு பகற்பொழுது வாய்த்தது. முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு பழைய நகரத்துக்குப் புறப்பட்டேன்.

மூசி ஆற்றைக் கடந்ததும் நகரின் முகமே மாறிவிடுகிறது. பத்தர்கட்டியின் கல் வளைவுகளைக் கடந்து சென்றால் எதிரே சார்மினார். 1591-இல் முஹம்மது குலி குதுப் ஷா எழுப்பியது. நகரைப் பீடித்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகக் கட்டப்பட்டது என்பது மக்கள் வழக்கு; ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டின் நினைவுச் சின்னம் என்பாரும் உண்டு. எது உண்மையாயினும், அன்று அதனடியில் நின்ற எனக்கு முதற்செய்தியே நெஞ்சில் தைத்தது.

அருகிலிருந்த அத்தர்க் கடையில் ஒரு சங்கடம். முகக்கவசம் அணிந்தபடி அத்தரை முகர்வது எப்படி? கடைக்காரர் என் புறங்கையில் ஒரு துளி தடவி, "வெளியே தனியாக நின்று முகர்ந்து பாருங்கள்" என்று சிரித்தார். மணம் தெரிந்தது. அந்நாட்களில் அதுவே பெரும் ஆறுதல், அல்ஹம்துலில்லாஹ்!

சார்மினாருக்கு மேற்கே லாட் பஜார், அரக்கு வளையல்களின் தெரு. அரக்கைச் சூட்டில் இளக்கி, நீட்டி வளைத்து, இறுகுமுன் ஒவ்வொரு கல்லாகக் கையால் பதிக்கிறார்கள். திருமணக் காலங்களில் தோளோடு தோள் உரசாமல் நடக்கவியலாத தெரு என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றோ கடைக்காரர்கள் வாசலை நோக்கியே அமர்ந்திருந்தார்கள்.

முதியவர் ஒருவரின் கடையில் மகளுக்காக ஒரு ஜோடி எடுத்தேன். அறுநூறு ரூபாய் என்றார். எனக்குத் தெரிந்த உருதுவில் பேரம் பேசி முந்நூற்று ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன். மறுபேச்சின்றிக் காகிதத்தில் சுற்றித் தந்தவர், பணத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "இன்றைய போணியே உங்களுடையதுதான், மௌலவி சாஹிப்" என்றார். அப்போது மக்கா மஸ்ஜிதிலிருந்து அஸர் பாங்கு ஒலித்தது.

என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறையருளை வேண்டிய ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான்! மீதிப் பணத்தை நீட்டினேன். அவர் கையை விலக்கினார். "வியாபாரம் முடிந்துவிட்டது. இனித் தருவது தர்மம். அதை நான் கேட்கவில்லையே."

தொழுதுவிட்டு வந்தேன். இடைவெளி விட்டு நின்ற அந்த ஸஃப்பில் மனம் முழுவதும் அந்தக் கடையில்தான் இருந்தது. தங்கை மகளுக்கென இன்னொரு ஜோடி எடுத்து, சொன்ன விலையை அப்படியே வைத்தேன். முதியவர் சிரித்தபடி ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார். "இது என் உரிமை" என்றார்.

ஹைதராபாத் அரக்கு வளையல்களுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, பணத்தைக் கண்களில் ஒற்றிய அந்த விரல்களே நினைவில் எழுந்தன. அந்த ஹதீஸை வகுப்பில் இப்போதும் நடத்துகிறேன். முன்னைப்போல் விரைந்து கடந்துவிட முடிவதில்லை.